அம்மாவோடு போலோன்யா: இரண்டு நாளில் நடந்தே பார்க்க முடியுமா?

வடவாறு:
அனைவருக்கும் வணக்கம். மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், வயது 68. வந்த நாள் முதல் வீடு, பூங்கா, பலசரக்குக் கடை என்று மூன்றே இடங்களைத்தான் பார்த்திருக்கிறார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்தால் நடுவில் முழுதாக இரண்டு நாள் கிடைக்கும். ஒரே ஊர், ஒரே அறை, வண்டி பிடிக்காமல் நடை மட்டும் என்று திட்டம்.

சிக்கல்கள்: அம்மாவுக்கு மூட்டுவலி. மருத்துவர் "நடக்கலாம், படி ஏறக் கூடாது" என்றிருக்கிறார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அருங்காட்சியகம் என்றாலே கொட்டாவி விடுவார். ஓரமாக உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கச் சொன்னால் அரை நாள் உட்காருவார். ப்ராக், வியன்னா, இத்தாலியின் போலோன்யா என்று மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

நடராஜா சர்வீஸ்:
போலோன்யா. யோசிக்கவே வேண்டாம்.

அங்கே இரண்டு ஆண்டு ஆய்வு மாணவனாக இருந்தவன் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ப்ராக் அழகான ஊர்தான், ஆனால் கருங்கல் பாவிய மேடு பள்ளத் தெருக்களில் மூட்டுவலிக்காரர் இரண்டாவது நாள் அழுதுவிடுவார். வியன்னா பரந்த ஊர்; டிராம் இல்லாமல் சரிப்படாது. போலோன்யாவின் பழைய நகரம் ஏறக்குறைய சமதரை. நடுவிலிருந்து எந்தப் பழைய நகர வாசலுக்கு நடந்தாலும் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

அதைவிடப் பெரிய காரணம் அங்குள்ள போர்ட்டிகோக்கள். தெருவின் இரு பக்கமும் வீடுகளின் கீழ்த்தளம் உள்வாங்கி, மேல்தளம் தூண்களின் மேல் நிற்கும். அடியில் நடைபாதை. ஊர் முழுவதும் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. நான் இருந்த இரண்டு ஆண்டில் குடை வாங்கவே இல்லை.

சனி, ஞாயிறுகளில் மத்தியில் உள்ள மூன்று பெரிய தெருக்களில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள்: ரிட்சோலி, ஊகோ பாஸ்ஸி, இந்திபெந்தென்சா. மூன்றும் சேர்ந்து டி எழுத்து வடிவில் இருக்கும். அம்மா நடுத்தெருவில் கைவீசி நடக்கலாம். மியூனிக்கிலிருந்து ப்ரென்னர் கணவாய் வழியாக நேரடி ரயிலே இருக்கிறது. ஏழு மணி நேரம் போல ஆகும்.

ஓர் எச்சரிக்கை. போர்ட்டிகோத் தரை பல இடங்களில் மெருகேற்றிய கல். மழை நாளில் செருப்பு ஈரமாகிவிட்டால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த காலணி வாங்கிக் கொடுங்கள்.

ரயில் சிநேகிதர்:
மேலே சொன்ன நண்பர் மன்னிக்க வேண்டும். போலோன்யா என்பது ரயில் மாறும் ஊர். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஃபிளாரன்ஸ் நாற்பது நிமிடம்கூட இல்லை. தாயார் ஒருமுறைதான் இத்தாலி வரப் போகிறார். அவரைத் தூண்களுக்கு நடுவே நடக்கவிட்டு ஊருக்கு அனுப்பினால், "ஃபிளாரன்ஸ் பார்த்தீர்களா?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வார்? போலோன்யாவில் தங்குங்கள், அறை வாடகை குறைவு. காலை ரயிலில் ஃபிளாரன்ஸ், மறுநாள் ரவென்னா. இரண்டு நாளில் மூன்று ஊர் கணக்காகிவிடும்.

பனித்துளி 72:
ரயில் சிநேகிதரே, அந்த அம்மா யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. போன வருடம் என் மாமனார், மாமியாரை நீங்கள் சொன்ன முறையில்தான் அழைத்துப் போனோம். ஐந்து நாளில் நான்கு ஊர். இப்போது அவர்களிடம் கேட்டால் நினைவில் இருப்பது ரயில் நிலையக் கழிப்பறைகளும் அங்கே போட வேண்டியிருந்த சில்லறையும்தான். எந்த ஊரில் எந்தக் கோயில் என்று படத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

வடவாறு, ஒரே ஊரில் இருங்கள்.

ரயில் சிநேகிதர்:
உங்கள் மாமனாரின் நினைவாற்றலுக்கு ரயில்வே பொறுப்பாகாது, அம்மணி.

பினாங்குக்காரன்:
சண்டைக்கு நடுவே ஒரு சிறு குறுக்கீடு. எங்கள் ஊர்ப் பழைய கடைவீடுகளின் முன்னாலும் இப்படித்தான் தூண் வைத்த நடை ஓடும். ஐந்தடி நடை என்போம். மலாயில் காக்கி லீமா. சிங்கப்பூரில் 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். போலோன்யாவிலும் சட்டம் போட்டுத்தான் கட்டினார்களா, இல்லை நம் ஊர்த் திண்ணை போலத் தானாக வந்த வழக்கமா?

நடராஜா சர்வீஸ்:
நல்ல கேள்வி. இரண்டும்தான்.

முதலில் அது ஆக்கிரமிப்பு. 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அந்த ஊரில் இருக்கிறது. மாணவர்கள் வந்து குவிந்தார்கள், இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டினார்கள். நீட்டியது சரியாமல் இருக்க மரத்தூண் கொடுத்தார்கள். வாடகை ஆசையில் பிறந்த கட்டடக்கலை என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சிரிப்பார். மற்ற ஊர்களில் இப்படி நீட்டியவற்றை இடித்துத் தள்ளினார்கள். போலோன்யா நகராட்சி 1288இல் நேர்மாறாகச் செய்தது: இனி வீடு கட்டுகிற எல்லோரும் போர்ட்டிகோ வைத்தே தீர வேண்டும், இல்லாத பழைய வீட்டுக்காரர்களும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று விதித்தது. குதிரையில் வருகிறவர் தலை தட்டாமல் போகும் உயரம் வேண்டும். அவர்கள் கணக்கில் ஏழு அடி, நம் கணக்கில் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல்.

திண்ணையோடு ஒப்பிடுவதில் ஒரு திருத்தம். திண்ணை தெருவைவிட உயரம், யார் உட்காரலாம் என்பது வீட்டுக்காரர் மனம். போர்ட்டிகோ நிலம் வீட்டுக்காரருடையது, செப்பனிடும் செலவும் அவருடையது, ஆனால் நடக்கும் உரிமை ஊர் மொத்தத்துக்கும். யாரையும் விரட்ட முடியாது. உங்கள் ஐந்தடி நடைதான் இதற்கு நெருங்கிய உறவு.

பழைய மரத்தூண்களை இன்றும் பார்க்கலாம். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் கோர்த்தே இசொலானி என்ற வீட்டின் முன்னால், ஒன்பது மீட்டர் உயர ஓக் மரங்கள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேலே உத்தரத்தில் மூன்று அம்புகள் தைத்திருப்பதாக ஒரு கதை. கழுத்து வலிக்கும் வரை தேடலாம்.

சமையலறைச் சன்னல்:
எல்லோரும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அந்த அம்மா சாப்பிட வேண்டாமா?

போலோன்யாவுக்கு மூன்று பட்டப்பெயர்கள்: படித்தவள், சிவந்தவள், கொழுத்தவள். மூன்றாவதுதான் நமக்குத் தொல்லை. புதிதாகத் தேய்க்கும் பாஸ்தாவில் நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தாலியாத்தெல்லே, தொர்த்தெல்லோனி எல்லாம் இந்த மாவுதான், உள்ளே வெறும் பாலாடைக்கட்டி இருந்தாலும் சரி. தாலியாத்தெல்லே வெந்த பிறகு எட்டு மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் வணிகர் சங்கத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தை 12,270ஆல் வகுத்தால் அந்த அகலம் வரும். இப்படிப்பட்டவர்களிடம் போய் "முட்டை இல்லாமல் தர முடியுமா?" என்று கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

வழி இருக்கிறது. பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணீரும்தான். "சேன்சா உவோவா" என்றால் முட்டை இல்லாமல். "சேன்சா ஸ்த்ரூத்தோ" என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல். அங்கே ரொட்டி, பூரி வகைகளில்கூட அது போகும், கேட்காமல் வாங்காதீர்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஃப்ரிஜ்ஜோனே என்று ஒன்று உண்டு. வெள்ளை வெங்காயத்தை மெலிதாக அரிந்து, உப்பும் சர்க்கரையும் பிசறி ஊற வைத்து, தக்காளியோடு மணிக்கணக்கில் சுண்ட விடுவது. மரபாகக் கொழுப்பில் செய்வார்கள், எண்ணெயில் செய்கிற கடைகளும் உண்டு. ருசித்தால் "இது நம் வெங்காயத் தொக்கு அல்லவா" என்பார்.

ஆனால் என் அறிவுரை, அடுப்புள்ள அறையாக எடுத்துக்கொண்டு ஒரு புட்டி புளிக்காய்ச்சல் கொண்டு போங்கள். ஊகோ பாஸ்ஸி தெருவில் மெர்க்காத்தோ தெல்லே எர்பே என்ற காய்கறிச் சந்தை இருக்கிறது. ஞாயிறு கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

வன்னித்தம்பி:
அண்ணா, நான் சுவிஸில் இருந்து எழுதுகிறேன். சான் லூக்காவை யாருமே சொல்லவில்லையே? ஊருக்கு வெளியே குன்றின் மேல் மாதா கோயில். நகர வாசலிலிருந்து கோயில் வரை ஒரே போர்ட்டிகோ. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், 666 வளைவுகள். நானும் மனைவியும் ஏறினோம். அம்மாவைப் பாதி வரை கூட்டிப் போய்த் திரும்பினாலும் போதும்.

நடராஜா சர்வீஸ்:
தம்பி, மெலொன்செல்லோ வளைவைத் தாண்டிவிட்டால் கடைசி இரண்டு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றமும் படிகளும்தான். மூட்டுவலிக்காரரை அங்கே பாதி வழியில் நிறுத்துவது பாவம். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்கு இன்னும் கேடு. ஊர் நடுவிலுள்ள மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து சிறிய சுற்றுலா ரயில் வண்டி ஒன்று சாலையிலேயே மேலே போகிறது. போகவும் வரவும் அதுதான் சரி.

அந்தப் போர்ட்டிகோவுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. 1433இல் விடாமல் மழை பெய்து பயிர் அழுகும் நிலை வந்ததாம். குன்றிலிருந்த மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாக எடுத்து வந்தார்கள், மழை நின்றது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஊர்வலம். மழையை நிறுத்தின மாதா மழையில் நனையக் கூடாதே என்று 1674இல் கூரை போடத் தொடங்கினார்கள்.

வடவாறு:
எல்லோருக்கும் நன்றி. ரயில் சிநேகிதர் கோபித்துக்கொள்ளக் கூடாது, போலோன்யா மட்டும்தான். பார்க்க வேண்டியவை என்று 14 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

நடராஜா சர்வீஸ்:
பதினான்கில் பத்தை அடித்துவிடுங்கள். ஞாயிறு வெயில் அடித்தால் பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்குள் இருங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். மதியம் பூட்டுவார்கள், நேரத்தைக் காலையிலேயே வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடவாறு:
வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் புலம்பல். "முதல் தளம்" என்று போட்டிருந்த அறையை எடுத்தேன். அவர்கள் கணக்கில் தரைத்தளம் சேராது, அதற்கு மேல் ஓர் இடைத்தளம், அதுவும் சேராது. மொத்தம் 47 படி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மேலே வந்து சேர்ந்ததும், "பிள்ளையார் இல்லாத மலைக்கோட்டை" என்றார். போகிறவர்கள் படி எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இதனால் ஒரு நன்மை: காலையில் இறங்கினால் இரவுதான் ஏறுவோம் என்று முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. காய்கறிச் சந்தைக்குப் போய் பீன்ஸும் தக்காளியும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து கிழக்கே சாந்தோ ஸ்தெபானோ வரை நடந்தோம். வரைபடத்தில் இருபது நிமிட நடை. எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. காரணம், அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழுக்கும் என்று பயந்துதான் குனிந்திருக்கிறார் என நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சொல்கிறார்: "கவனித்தாயா? ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு தரை." பார்த்தால் உண்மை. சிவப்பு ஓடு பாவிய தரை ஒரு தூணில் முடிகிறது, அடுத்த அடியில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுக்கல், அதற்கடுத்து சாம்பல் நிறக் கற்பலகை. நடராஜா சர்வீஸ் எழுதியதை அப்போது சொன்னேன், அவரவர் செலவில் அவரவர் தரை என்று. அதன்பின் நடை இன்னும் மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வாசலுக்கும் மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டார். "இந்த வீட்டில் தினம் துடைக்கிறார்கள்." "இங்கே காசு இருந்தது, பிறகு போய்விட்டது." ஓரிடத்தில் பழைய தரை பெயர்ந்த அளவுக்கு வேறு நிறக் கல்லை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண். யாரும் எங்களைத் தாண்டிப் போக அவசரப்படவில்லை. நாய்களுக்குக்கூட அவசரம் இல்லை.

சாந்தோ ஸ்தெபானோ சதுக்கம் முக்கோணமாக இருக்கிறது. எதிரே ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டிய கோயில்கள். ஏழு கோயில் என்று பெயர், இப்போது இருப்பவை நான்கு. உள்ளே முற்றத்தில் கால் மணி நேரம் நின்றோம். மீதி நேரம் எதிர்ப் போர்ட்டிகோவில் காப்பிக் கடை நாற்காலியில். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை என்று தெரிந்ததும் அம்மா, "அப்படியென்றால் உட்கார்ந்ததற்குக் காசு கொடுத்திருக்கிறோம், எழுந்திருக்காதே" என்றார். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மாலையில் மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டியிருக்கும் பொதெஸ்தா மாளிகையின் அடியில், நாலு மூலைக் குவிமாடத்துக்குப் போனோம். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் எதிர் மூலையில் கேட்கும். முன்னால் நாலைந்து பேர் வரிசை. அம்மா வெட்கப்பட்டார்; சுவரோடு பேசுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்றார். கட்டாயப்படுத்தி நிறுத்திவிட்டு நான் எதிர் மூலைக்குப் போய்க் காதை வைத்தேன். நடுவே அத்தனை ஆட்கள் நடக்கிறார்கள், சத்தம். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு கல்லுக்குள்ளிருந்து வருவது போல, பக்கத்தில் நின்று கேட்பது போல, "காலையில் பிரஷர் மாத்திரை போட்டாயா?" என்றது. போடவில்லை.

ஞாயிறு வெயில். காலையில் சிறு ரயில் வண்டியில் சான் லூக்கா. அங்கிருந்து கீழ்நோக்கி நாலைந்து வளைவுகள் நடந்து பார்த்துவிட்டு, அதே வண்டியில் இறங்கினோம். பன்னிரண்டே முக்காலுக்கு சான் பெத்ரோனியோவுக்குள் நுழைந்தோம். 1390இல் தொடங்கி இன்னும் முகப்பு முடியாத கோயில். கீழ்ப்பாதி சலவைக்கல், மேல்பாதி பூசாத செங்கல். அம்மா, "கையிருப்பு தீர்ந்துவிட்டது போல" என்றார்.

இடப்பக்கம் தரையில் நீளமாக ஒரு பித்தளைக் கோடு, 67 மீட்டர் இருக்குமாம். 1655இல் காசினி என்ற வானியலாளர் போட்டது. மேலே கூரையில் ஒரு துளை. அதன் வழியாக விழும் வெயில் தரையில் தாம்பாளம் அளவுக்கு நீள்வட்டமாக விழுந்திருந்தது. கோட்டுக்கு ஏழெட்டு அடி தள்ளி. முதலில் அசையாதது போல் இருக்கிறது. ஒரு கல்லின் ஓரத்தைக் குறி வைத்துப் பார்த்தால் நகர்வது தெரிகிறது. அம்மா கையை விரித்துத் தரையில் வைத்து அளந்தார். நிமிடத்துக்கு ஒரு சாண். ஒரு மணி தாண்டி ஓரிரு நிமிடத்தில் வட்டத்தின் நடுவே கோடு. சூரியன் உச்சியில் இருக்கிற நேரம். கைக்கடிகாரம் ஒரு மணி என்கிறது, சூரியன் பன்னிரண்டு என்கிறது.

"பூமி சுற்றுவது" என்று எதையோ விளக்கத் தொடங்கினேன். "எனக்குத் தெரியாதா, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததுதானே. கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான்" என்றார்.

பனித்துளி 72:
வாத்தியாரம்மாவா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. தரைக்கு மதிப்பெண் போட்டது இப்போது புரிகிறது.

ரயில் சிநேகிதர்:
எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் 14இல் எத்தனை பார்த்தீர்கள்? இரட்டைக் கோபுரம்? உடற்கூறு அரங்கம்?

வடவாறு:
ஐந்து. கோபுரங்களைக் கீழிருந்து பார்த்தோம். அசினெல்லியில் 498 படி. எப்படியும் அம்மாவுக்கு ஆகாது. பக்கத்திலிருக்கும் சாய்ந்த கரிசெந்தா கோபுரத்தின் நிலை மோசமாகி, 2023 அக்டோபரிலிருந்து அந்த இடத்தையே அடைத்து வைத்திருக்கிறார்கள். உடற்கூறு அரங்கத்தில் தோலுரித்த மனித உருவங்களை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று படத்தைக் காட்டினேன். "தோலோடு இருப்பவர்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை" என்று மறுத்துவிட்டார்.

திங்கள் காலை ரயில் நிலையத்தில் ஒரு கடிகாரம் 10:25இல் நின்றிருந்தது. பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி காத்திருப்போர் அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. அம்மா அதன் பிறகு ரயில் வரும் வரை அதிகம் பேசவில்லை.

சமையலறைச் சன்னல்:
ஃப்ரிஜ்ஜோனே கிடைத்ததா, இல்லையா?

வடவாறு:
கிடைத்தது, எண்ணெயில் செய்தது. கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வாங்கினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "வெங்காயம் நன்றாக வதங்கியிருந்தது. சர்க்கரை அதிகம், காரம் இல்லை, பெருங்காயம் இல்லை. அறைக்குக் கொண்டு வந்து புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி கலந்து சூடான சோற்றில் பிசைந்தோம். அடுத்த முறை இரண்டு புட்டி கொண்டு போக வேண்டும்."

ரயில் சிநேகிதர்:
அடுத்த முறையா? அப்படியானால் ஃபிளாரன்ஸ்.